போறணைக்கு வைத்த நெருப்பு

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
12 ஒக்ரோபர் 2004

அன்புள்ள புஷ்பராணி அக்காவுக்கு,

இந்தச் சாமத்தில் இருந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. பகலில் பேனையை எடுத்தால் மகள் ரக்ஷனா பறித்துக்கொண்டு போய்ச் சுவரில் கீறுகிறாள். பின்னேரத்தில் எழுத இருந்தால் இவர் படுக்கையில் கிடந்தபடி, "ஆருக்கப்பா எழுதிறீர்?" என்று கேட்பார். முதுகு நோவோடு கிடக்கிற மனிதனுக்கு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. அதனால்தான் எல்லோரும் உறங்கின பிறகு குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

உங்கள் ஸ்காபரோ விலாசத்தை உங்களுடைய கோயில் சிநேகிதி றோசா அக்காவிடம் வாங்கினேன். ரெலிபோன் நம்பரையும் கேட்டேன். "அதைக் குடுக்க வேண்டாமெண்டு சொன்னவ, பிள்ளை" என்றா. எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்றீர்களோ, எனக்கு மட்டுமோ, கேட்கப் பயமாக இருந்தது.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பேக்கரியில் பாண் சுடுகிற போறணையைப் பற்றவைத்தது நான்தான்.

நீங்கள் பின்கதவடியில் மா மூட்டை இறக்கிக்கொண்டு நின்றீர்கள். நான் குழைத்து வைத்த மா பொங்கித் தொட்டியின் விளிம்புக்கு வந்துவிட்டது. போறணைக் கதவைத் திறந்தால் உள்ளே குளிர்ந்து கிடக்கிறது. எந்நேரமும் எரியும் அந்தச் சின்னச் சுவாலையைக் காணவில்லை. யூதருடைய சாப்பாட்டுச் சட்டப்படி, கோஷராக, எல்லாம் நடக்கிறதா என்று பார்க்க வருகிற ஷ்முவேலும் வரவில்லை. அந்தச் சுவாலையை யூதர் ஒருவர்தான் ஏற்றவேண்டும், நாங்கள் குமிழைத் திருப்பி நெருப்பைக் கூட்டலாம் குறைக்கலாம், அதற்கு மேல் கை வைக்கக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே ஷ்முவேல் எங்கள் இருவருக்கும் சொன்னவர். எனக்கு அது மறந்துபோகவில்லை, அக்கா. ஆனால் நான் அதை ஒரு யூனியன் சட்டம் மாதிரித்தான் எடுத்திருந்தேன். கோஷர் பார்க்க வருகிற மனிதருடைய வேலை அது, அவருடைய வேலையில் நாங்கள் தலையிடக்கூடாது, அவ்வளவுதான் என்று. மூலஸ்தானத்துக்குள் ஐயரைத் தவிர ஆரும் காலடி வைக்கக்கூடாது என்று பார்த்து வளர்ந்தவள் நான். கம்பஸிலும் படித்தவள். எனக்கு அது விளங்கியிருக்க வேண்டாமா?

மா புளித்துப்போனால் முதலாளி கத்துவார். திரும்பக் குழைத்தால் வேலை இழுபடும். பிள்ளையை எடுக்கப் பிந்தினால் இனி வேறு கார்டெரி பாருங்கள் என்று பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற மனிசி அதற்கு முந்தின கிழமைதான் சொல்லியிருந்தா. நெருப்புப்பெட்டி தட்டில் கிடந்தது. எடுத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது. குச்சியைத் தட்டினதும், வீட்டில் விளக்கேற்றுகிற பழக்கத்தில், கண்ணை மூடி "முருகா" என்று கும்பிட்டுவிட்டுத்தான் நெருப்பை வைத்தேன்.

அதற்கு முந்தின இரவு தெருவில் குழாய் திருத்துவதற்காகக் கொஞ்ச நேரம் காஸை நிறுத்தி வைத்தது எனக்கெப்படித் தெரியும்? முன்வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துவிட்டு, போறணை அணைந்துதான் கிடக்கும் என்று ஷ்முவேல் ஓடி வந்தார். வந்து பார்த்தால் அது நன்றாக எரிந்துகொண்டிருக்கிறது. "யார்?" என்று கேட்டார். போறணை உங்கள் பொறுப்பு. முதலாளி உங்களைப் பார்த்தார். நீங்கள் "நான் இல்லை" என்றீர்கள். அதற்குப் பிறகாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அவர்களுடைய புதுவருஷத்துக்கும் பெரிய விரதத்துக்கும் இடைப்பட்ட நாட்களாம் அவை. மற்ற நாட்களில் இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறவர்கள்கூட அந்த நாட்களில் தளர்த்தமாட்டார்களாம். அன்றைய பாண் முழுவதையும் வீடில்லாதவர்கள் தங்குகிற ஓர் இடத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். உங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அடுத்த நாளும் வேலைக்குப் போனேன்.

முதலாளியிடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு காலையும் பஸ்ஸில் ஏறுகிறேன். இறங்கும்போது அந்த எண்ணம் இருப்பதில்லை. நான் என்ன செய்ய? சொல்லுங்கோ அக்கா.

கஜந்தினி


ஸ்காபரோ
20 ஒக்ரோபர் 2004

கஜந்தினிக்கு,

கடிதம் கிடைத்தது. சாமத்தில் எழுதினதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். நல்ல பிள்ளை. அதற்குத்தான் முதலில் கேட்கவேண்டும்.

நீ ஒன்றும் புதிதாய்ச் சொல்லவில்லை. மூட்டையோடு உள்ளே வரும்போதே குச்சி எரிந்த மணம். நீ நெருப்புப்பெட்டியை ஏப்ரன் பொக்கற்றுக்குள் தள்ளுகிறாய். எனக்குக் கண் இருக்கிறது. "நான் இல்லை" என்று சொன்ன வாய்க்கு "அவள்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? உன் மனிசன் முதுகு போய்க் கிடக்கிறார், கையில் ஒன்றரை வயசுப் பிள்ளை. எனக்கு இங்கே அருமைநாதன் அண்ணை இருக்கிறார், ஒரு அறை இருக்கிறது என்று நினைத்தேன். சொல்லவில்லை. அதை நான் நினைத்துத்தான் செய்தேன். நீ அழுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

எனக்குப் பொறுக்காதது வேறு. அன்றைக்கு நான் கோட்டைப் போட எவ்வளவு நேரம் எடுத்தேன் என்று உனக்குத் தெரியுமா? கையுறையைத் தேடுகிற மாதிரித் தேடினேன். பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினேன். நீ ஒருக்கால் திரும்பிப் பார்ப்பாய் என்று. பஸ் தரிப்பு வரைக்கும் வரவேண்டாம், கதவடிக்கு வந்து "போயிட்டு வாங்கோ அக்கா" என்று ஒரு சொல். நீ மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மா என்ன, பறந்தா போகப்போகிறது?

இனி நீ கேட்டதற்கு. சொல்லாதே. என் வேலை போனது போனதுதான். நீ சொன்னால் உன்னதும் போகும். இரண்டு பேரும் வீட்டில் குந்தியிருந்தால் ஆருக்கு என்ன லாபம்? நான் உனக்காகச் செய்ததையும் நீ வீணாக்கினவள் ஆவாய். எங்களுடைய வேதக்காரர் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது சுவாமியாரிடம். நான் சுவாமியார் இல்லை, என்னிடம் எழுதி மனத்தை இறக்கி வைக்காதே.

அந்த "முருகா" கதையை மட்டும் செத்தாலும் தாடித்தம்பி ஷ்முவேலிட்டைச் சொல்லிப்போடாதை. அந்த மனிசன் மயங்கி மாத்தொட்டிக்குள் விழுந்திடும்.

இங்கே சுகம். அண்ணி நல்லவதான். பகலில் பிள்ளைகளைப் பார்க்கிறேன், சமைக்கிறேன். கறிக்கு உப்புப் போடுவதுமட்டும் அவ வந்துதான்.

புஷ்பராணி


பார்க் எக்ஸ்டென்ஷன்
31 ஒக்ரோபர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

கோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் அங்கே நின்றது எனக்குத் தெரியும். திரும்பினால் அழுதுவிடுவேன், அழுதால் எல்லோருக்கும் விளங்கிவிடும் என்றுதான் மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களை நினைத்து வந்த அழுகை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பயத்தில் வந்தது. உங்களிடம் இனியும் பொய் எழுதக்கூடாது.

சொல்லாதே என்றீர்கள், சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வெட்கங்கெட்ட ஒரு நிம்மதியும் வந்தது. இரவு நன்றாக உறங்கினேன். அது இரண்டு நாள்தான் இருந்தது.

ஷ்முவேல் மெலிந்துகொண்டு வருகிறார். முந்தி ஓடி வந்து, குச்சியைத் தட்டி, கையொப்பம் வைத்துவிட்டு ஓடிப்போகிறவர். இப்போது இருட்டோடு வந்து போறணைக்கு முன்னால் நிற்கிறார். சுவாலையை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்து முணுமுணுத்து, திரும்ப ஏற்றுகிறார். ஏற்றின பிறகு வலது கையை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், விறைத்துப்போன கையைத் தேய்ப்பது போல. திங்களும் வியாழனும் பச்சைத்தண்ணீரும் இல்லை.

ஒரு காலை நான் கேட்டுவிட்டேன், சுகமில்லையா என்று. கேட்டிருக்கக்கூடாது. உங்களுக்குத் தெரியும்தானே, அவர் பெண்களோடு மூடின கதவுக்குள் தனியே நிற்கமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார். போய் முன்கதவை அகலத் திறந்துவிட்டு வந்து, மாத்தொட்டியைப் பார்த்தபடி தன் இங்கிலிஷில் சொன்னார்:

"உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் சொன்னால் என் மனைவி அழுவாள். மற்றவர்களிடம் சொன்னால் என்னைத் திருத்தத் தொடங்குவார்கள்."

இறைவன் இட்ட கட்டளை ஒவ்வொன்றுக்கும் உடம்பும் இருக்கிறது உயிரும் இருக்கிறது என்றார். நெருப்பை வைப்பது உடம்பு. வைக்கும்போது மனம் எங்கே நிற்கிறது என்பது உயிர். உயிரில்லாத கட்டளை செத்த குருவி மாதிரி, செட்டை இருக்கும், மேலே போகாது. உலகம் உண்டாகும்போது ஒளியைத் தாங்கமுடியாமல் பாத்திரங்கள் உடைந்தனவாம். பொறிகள் எங்கும் சிதறி, கோதுமைக்குள், தண்ணீருக்குள், உப்புக்குள் விழுந்தனவாம். சரியான கை சரியான மனத்தோடு பாணைச் சுட்டு, உண்கிறவரும் ஆசீர் சொல்லி உண்டால் அந்தப் பொறி விடுபட்டு ஏறும். இல்லாவிட்டால் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும்.

"இவ்வளவுமா இந்தச் சின்ன நெருப்பில்?" என்று கேட்டேன்.

"இவ்வளவும் இல்லை. இன்னும் இருக்கிறது" என்றார். எதைச் செய்ய முதலும் அவர்கள் ஒரு வசனம் சொல்லவேண்டுமாம்: இறைவனையும் அவனுடைய பிரசன்னத்தையும் ஒன்று சேர்ப்பதற்காக இதைச் செய்கிறேன் என்று. அந்தப் பிரசன்னத்தை அவர்கள் ஒரு பெண்ணாக நினைக்கிறார்கள். தன்னுடைய சனத்தோடு சேர்ந்து ஊர்விட்டு ஊர் அலைகிற பெண். எனக்குச் சிவமும் சக்தியும் என்று வாய்வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

பிறகு சொன்னார், மனிதனுடைய உறுப்பு ஒவ்வொன்றையும் ஒரு கட்டளை தாங்குகிறது என்று. "என்னுடைய வலது கையை இந்த நெருப்புத் தாங்குகிறது. ஏழு வருஷமாகக் குச்சியைத் தட்டினேன். மனம் எங்கே நின்றது? பஸ்ஸுக்குப் பிந்தப்போகிறது, பையனுக்குச் சப்பாத்து வாங்கவேண்டும். அந்த வசனத்தை ஒரு நாளாவது முழுதாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. என் கை உறங்கிவிட்டது. அதனால்தான் அந்த நாட்களில், எல்லாம் தீர்மானிக்கப்படுகிற நாட்களில், மேலுலகத்தில் நெருப்பை என் கையிலிருந்து எடுத்து வேறு ஒரு கைக்குக் கொடுத்தார்கள்."

வலது கையைத் திரும்பவும் தேய்த்தார். பிறகு, "அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் வெறும் கருவி. நான் அவளை மன்னித்துவிட்டேன். நீ அவளைக் கண்டால் சொல்லு" என்றார்.

நெருப்பை எடுத்தது ஆர், கொடுத்தது ஆர் என்று அவருக்கு எதிரே நிற்கிறவளுக்குத் தெரியும், அக்கா. தெருவில் குழாய் திருத்தினார்கள். ஒருத்திக்குப் பிள்ளையை எடுக்கப் பிந்தப்போகிறது. இதற்குப் போய் அந்த மனிதன் வானம் முழுக்கத் துழாவிக்கொண்டு பட்டினி கிடக்கிறார். அடுத்த மாத முடிவோடு வேறு ஆளைப் பாருங்கள் என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டாராம். ஐந்து பிள்ளைகள் அவருக்கு.

உங்களுக்குத் துரோகம் செய்தேன், நீங்கள் அதைத் தாங்குகிறேன் என்கிறீர்கள். ஷ்முவேலையும் தாங்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? "சொல்லாதே" என்றதைத் திருப்பி எடுங்கோ. உங்களைக் கேட்காமல் சொல்ல மனம் வரவில்லை.

கஜந்தினி


ஸ்காபரோ
8 நவம்பர் 2004

கஜந்தினி,

அவன் என்னை மன்னித்துவிட்டானாமோ?

இரண்டு தரம் வாசித்தேன். கையில் பிள்ளைக்குச் சோறு குழைத்தபடி நிற்கிறேன், கோப்பையைச் சத்தமாய் மேசையில் வைத்துவிட்டேன். அண்ணி கேட்கிறா, "என்ன மச்சாள், ஊரிலை ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று.

பழி சுமந்தேன், சரி. வேலை போனது, சரி. இந்த வயசில் சம்பளமில்லாமல் மூக்குத் துடைக்கிறேன் என்று வெளியே சொல்லாமல், அண்ணன் பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று பெருமையாய்ச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன், அதுவும் சரி. ஆனால் நான் செய்யாத ஒன்றுக்கு ஒருத்தன் பெரிய மனம் பண்ணி மன்னிப்புக் கொடுத்து அனுப்புகிறான், அதை நான் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமா? கருவியாம். ஆர் கருவி? அந்தப் போறணையில் ஒரு பாண் கருகினது உண்டா என்னுடைய காலத்தில்?

போய்ச் சொல்லு. நாளைக்கே சொல்லு. அவன் தந்ததை அவனிடமே திருப்பிக் கொடு.

உன் வேலை போகும். எனக்குத் தெரியும். பிள்ளையை நினைத்தால் எனக்கும் மனம் கிடந்து அடிக்கிறது. முதலில் மனிசனிடம் சொல்லு. பேந்து அங்கே போ.

சாப்பிடாமல் கிடக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். முன்னாலேயே எழுதியிருக்கலாம். அந்தப் பொடியன் கெட்ட பொடியன் இல்லை.

புஷ்பராணி


பார்க் எக்ஸ்டென்ஷன்
21 நவம்பர் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எல்லோரிடமும்.

நீங்கள் எழுதினபடி முதலில் இவரிடம். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "ரெண்டு மாசமா இதை மனசிலை வைச்சுக்கொண்டோ என்னோடை சண்டை பிடிச்சனீர்? நான் என்ரை முதுகாலைதான் எண்டு நினைச்சன்" என்றார். எனக்கு அதுவே போதுமான அடி.

காலையில் ஷ்முவேல் சுவாலையை ஏற்றி முடிக்கும் மட்டும் காத்திருந்தேன். நானே போய் முன்கதவைத் திறந்து வைத்தேன். "அன்றைக்கு நெருப்பை வைத்தது நான். அந்த அக்கா ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் கொடுத்த மன்னிப்பை அவ திருப்பி அனுப்பியிருக்கிறா" என்றேன். அவர் முதல்தரமாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்.

"ஏன் வைத்தாய்?"

"மா பொங்கிவிட்டது. பிள்ளையை எடுக்கப் பிந்தும் என்று."

"அவ்வளவுதானா?"

அக்கா, என்னைத் திட்டாதீர்கள். நீங்கள் சொல்லவேண்டாம் என்றதையும் சொல்லிவிட்டேன். உயிரைப் பற்றி அவ்வளவு சொன்ன மனிதனிடம் உடம்பை மட்டும் சொல்லிவிட்டு வர முடியவில்லை. வைக்கும்போது எங்களுடைய சுவாமியைக் கும்பிட்டேன் என்றேன்.

அவர் விழவில்லை. ஆனால் மா மூட்டைமேல் இருந்துவிட்டார். தாடியைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பாணைக் கொடுத்துவிட்டது நல்லதாய்ப் போயிற்று" என்றார். அது கோபமா, பகிடியா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாக, "நீ கும்பிட்டிருக்கிறாய்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "நான் ஏழு வருஷம் குச்சி தட்டியிருக்கிறேன்" என்றார்.

இனியாவது சாப்பிடுங்கள், உங்களில் பிழை இல்லையே என்றேன். தலையை ஆட்டினார். "நெருப்பை வைத்தது உன்னுடையது. அதை நான் சுமக்கத் தேவையில்லை. என் கை உறங்கினது என்னுடையது. அதை நீ எடுத்துக்கொண்டு போக முடியாது." நான் சொன்னால் அவருடைய பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனேன். பாதிதான் இறங்கினது. மற்றப் பாதியை அவர் விடமாட்டார் போல இருக்கிறது.

வேறொன்றும் சொன்னார். மனிதருக்கு மனிதர் செய்த பிழையை அவர்களுடைய பெரிய விரதமும் கழுவாதாம். பட்டவரிடமே போய்க் கேட்கவேண்டுமாம், கடவுள்கூட அவருக்குப் பதிலாக மன்னிக்கமாட்டாராம். "விசாரிக்காமல் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்ப விட்டேன். பிறகு பெருந்தன்மையாக மன்னித்தேன். அவளிடம் நான் எப்படிக் கேட்பது?" என்று உங்கள் விலாசத்தைக் கேட்டார். உங்களைக் கேட்காமல் கொடுக்கவில்லை.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். மத்தியானத்தோடு என்னைப் போகச் சொன்னார். ரக்ஷனாவுக்கு ஒரு பாணைச் சுற்றித் தந்தார், அதை வாங்காமல் வரவும் தெரியவில்லை. கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு கிளினிக்கில் பின்னேரத் துப்பரவு வேலை இருக்கிறது என்று றோசா அக்கா சொன்னா, நாளைக்குப் போய்ப் பார்க்கப்போகிறேன். இவர் பிள்ளையைத் தூக்கப் பழகிவிட்டார், கதிரையில் இருந்தபடி. எங்களைப் பற்றி யோசிக்காதீர்கள்.

நான் வெளிக்கிடும்போது முதலாளி உங்களைப் பற்றிக் கேட்டார். போறணைக்கு இரண்டு பேரை மாற்றிப் பார்த்தாராம், ஒருவரும் சரிவரவில்லை. உங்களுக்கு நேரே எழுத அவருக்கு வெட்கம். திரும்பி வரச் சம்மதமா என்று என்னைக் கேட்டு எழுதச் சொன்னார். வரும் மாதத்து முதல் வெள்ளிவரை அந்த இடத்தை வைத்திருப்பார். அதுவரைக்கும் தானும் போகவில்லை, அந்த அம்மா வரும்போது நான் இங்கே நிற்கவேண்டும் என்று ஷ்முவேல் சொல்லியிருக்கிறார்.

நான் செய்ததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பதில் இப்போது எழுதவேண்டாம். எழுதாமலே விட்டாலும் அது உங்களுடைய இஷ்டம். வேலைக்கு வருகிறீர்களா இல்லையா, ஷ்முவேலுக்கு விலாசத்தைக் கொடுக்கலாமா, இந்த இரண்டையும் மட்டும் கெதியாய் எழுதிப் போடுங்கோ அக்கா.

கஜந்தினி